சொன்னால் போதாது, எழுத வேண்டும்

பெர்மாஸ் ஜெயாவில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். பல ஆண்டுகள் சேமித்து, முன்பணம் கட்டி, புதிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்குகிறார். மாதத் தவணை இன்னும் பல ஆண்டுகளுக்கு உண்டு. வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடவும், வார இறுதியில் கோவிலுக்குப் போகவும் அந்த ஒரு வண்டிதான்.

வண்டி வாங்கி எட்டாம் மாதம். ஒரு மாலை நேரம், சாலைச் சந்திப்பில் திரும்பும்போது ஸ்டீயரிங் திடீரென இறுகிப் போகிறது. தந்தை இரு கைகளாலும் வலிந்து திருப்புகிறார். சில வினாடிகளில் அது மறுபடியும் இலகுவாகிவிடுகிறது. பக்கத்தில் அமர்ந்திருந்த மகள் அச்சத்தோடு அவரைப் பார்க்கிறாள். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் கோபத்துடன் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்.

மறுநாள் தந்தை வண்டியை விற்பனை நிலையத்தின் சேவை மையத்திற்குக் கொண்டு செல்கிறார். "ஓட்டிப் பார்த்தோம், அண்ணே. குறை ஒன்றும் தெரியவில்லை" என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே நிலை. மீண்டும் அதே பதில். மூன்றாம் முறையும் அப்படியே. மூன்று நாள் விடுப்பும் பெட்ரோல் செலவும் வீணானதுதான் மிச்சம். அன்றிரவு மகள் ஒரு கேள்வி கேட்கிறாள்: "அப்பா, மூன்று முறையும் அவர்கள் ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா?" தந்தை வண்டியில் உள்ள பெட்டியைத் திறந்து தேடுகிறார். ஒரு தாளும் இல்லை.

இக்குடும்பம் கற்பனையே. ஆனால், இந்நிலை கற்பனையன்று. புதிய வாகனம் வாங்கியவர் பலர் இப்படி அலைந்திருக்கின்றனர். சிலர் கோபப்பட்டுக் கத்துகின்றனர். சிலர் தலைவிதி என்று பொறுத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டு வழிகளிலும் வண்டி சரியாவதில்லை. விற்பனை நிலையத்தைச் செயல்பட வைப்பது, தேதியோடும் விவரத்தோடும் எழுதப்பட்ட புகாரே. சட்டம் பயனீட்டாளருக்கு உரிமை தந்திருக்கிறது. ஆனால், எழுத்து இல்லையென்றால் அவ்வுரிமை உறங்கிக்கொண்டே இருக்கும்.

இக்கருத்தை ஏற்பதற்கு முன், ஸ்டீயரிங் குறை ஏன் மற்றக் குறைகளைப் போன்றதன்று என்பதை அறிய வேண்டும். வண்டியின் முன்சக்கரங்கள் கனமானவை. அவற்றைக் கைவலிமையால் மட்டும் திருப்புவது கடினம். ஆகவே, ஓட்டுநருக்குத் துணையாக ஒரு விசை சேர்க்கப்படுகிறது. அதுவே பவர் ஸ்டீயரிங். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் இதனை ஒரு காரில் பொருத்திக் காட்டினார். 1951 ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் இதனைப் பயணிகள் காரில் பொருத்தி விற்கத் தொடங்கியது. பழைய முறையில், இயந்திரத்தால் சுழலும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அந்த விசையைத் தருகிறது. இன்றைய வண்டிகள் பலவற்றில் மின்மோட்டார் ஒன்று அவ்வேலையைச் செய்கிறது. ஓட்டுநர் எவ்வளவு வலுவாகத் திருப்புகிறார் என்பதை ஓர் உணரி கண்டறிகிறது. சிறு கணினி ஒன்று அதற்கேற்ப மோட்டாரை இயக்குகிறது.

இந்தத் துணைவிசை நின்றுபோனால் வண்டியைத் திருப்பவே முடியாது என்பதில்லை. ஸ்டீயரிங்கும் சக்கரமும் இன்னும் இணைந்தே இருக்கும். ஆனால், திருப்புவதற்குப் பன்மடங்கு வலிமை வேண்டும். அதுவும் வண்டி மெதுவாகச் செல்லும்போதுதான் ஸ்டீயரிங் மிகக் கனமாக இருக்கும். சந்திப்பு, வாகன நிறுத்துமிடம், பள்ளி வாசல் ஆகிய இடங்களில்தான் வண்டி மெதுவாகத் திரும்புகிறது. மக்கள் நடமாட்டம் மிகுந்த இடங்களும் அவையே. ஆகவே, ஸ்டீயரிங் குறை என்பது வண்டி உரிமையாளரின் சொந்தத் தொல்லை மட்டுமன்று. சாலையைக் கடக்கும் சிறுவனுக்கும், பக்கத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் அது ஆபத்தாகும்.

அப்படியானால், சேவை மையம் பொய் சொல்கிறதா? எல்லா நேரத்திலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. விட்டுவிட்டு வரும் குறையைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கடினம். பேட்டரி வலுவிழந்திருக்கலாம், ஒரு மின்கம்பியின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். மின்னழுத்தம் ஒரு கணம் குறைந்தால் கணினி துணைவிசையை நிறுத்திவிடும். மின்னழுத்தம் சீரானதும் மீண்டும் தொடங்கிவிடும். பட்டறை ஊழியர் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது அக்குறை வெளிப்படாமல் போகலாம். பல்வலியோடு மருத்துவரைப் பார்க்கப் போனவருக்கு, அவர் முன் அமர்ந்ததும் வலி நின்றுவிடுவதைப் போன்றது இது. அதற்காகப் பல் நலமாக இருக்கிறது என்று பொருளாகாது.

அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு இதற்குத் தக்க சான்றாகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017 ஆம் ஆண்டில், 2014 ஆம் ஆண்டு வகை செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியாரா பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் அவை ஏறத்தாழ 7 இலட்சம் வண்டிகள். அவற்றின் மின்சாரப் பவர் ஸ்டீயரிங் தற்காலிகமாக நின்று, பிறகு திடீரெனத் திரும்பிவிடும். குறைந்த வேகத்தில் திரும்பும்போது இவ்வாறு நிகழ்ந்து விபத்து ஏற்படக்கூடும் என்று கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பரில், அதே போன்ற குறைக்காக 2015 ஆம் ஆண்டு வகை வண்டிகள் 10 இலட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. அக்குறையோடு தொடர்புடைய 30 விபத்துகளும் இருவர் காயமடைந்ததும் பதிவாகியிருந்தன. தீர்வு என்ன தெரியுமா? விற்பனை நிலையங்கள் அவ்வண்டிகளின் கணினியில் மென்பொருளைப் புதுப்பித்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, 'சில வினாடிதான் இறுகியது, பிறகு சரியாகிவிட்டது' என்று ஓர் ஓட்டுநர் சொல்வது மனப்பிரமையாக இருக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கான வண்டிகளில் ஒரே குறை அப்படித்தான் ஒளிந்திருந்தது. இரண்டாவது, 30 விபத்துகள் என்ற எண் தானாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பதிவு செய்ததால்தான் அவற்றை எண்ண முடிந்தது. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட புகார் முகப்பிலேயே நின்றுவிடும். எழுதப்பட்ட புகார் அங்கிருந்து தயாரிப்பு நிறுவனத்தையும், தேவையானால் அரசையும் சென்றடையும். ஒருவர் எழுதிய புகாரால் முன்பின் அறியாத ஒருவரின் உயிரும் காக்கப்படலாம்.

நம் நாட்டுச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மலேசியாவில் 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தோடும் பாதுகாப்போடும் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. குறை இருந்தால், அதனை நியாயமான காலத்திற்குள் சரிசெய்து தருமாறு விற்பனையாளரிடம் கேட்கலாம். அவர் மறுத்தாலோ காலம் கடத்தினாலோ, வேறிடத்தில் சரிசெய்து, அதற்கான நியாயமான செலவை அவரிடமே கோரலாம். குறை மிகப் பெரியதாயின் பொருளையே திருப்பித் தரவும் வழியுண்டு. ஒப்பந்தத்தில் சிறிய எழுத்துகளில் எதை அச்சிட்டாலும், சட்டம் தந்த இவ்வுரிமைகளைப் பறிக்க முடியாது. ஆயினும், இச்சட்டம் பொதுவாகச் சொந்தப் பயனுக்கும் வீட்டுப் பயனுக்கும் வாங்கப்படும் பொருள்களுக்கே உரியது. தொழிலுக்காகவே வாங்கப்படும் பெரிய கனவுந்தின் உரிமையாளர், 1957 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் போன்ற வேறு வழிகளை நாட வேண்டியிருக்கும்.

சட்டம் இருந்தாலும் வழக்கறிஞருக்குச் செலவு செய்ய ஏழை எளியவரால் முடியுமா என்று கேட்கலாம். அதற்காகத்தான் பயனீட்டாளர் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அங்கே கோரிக்கையைப் பதிவதற்கான கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். 2019 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்கு முன் இவ்வரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது. இரு தரப்பினரும் தாங்களே பேச வேண்டும்; வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது. சிக்கல் எழுந்த 3 ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிந்துவிட வேண்டும். புதிய பிக்கப் வண்டியின் விலை 50,000 ரிங்கிட்டைத் தாண்டலாம். ஆனால், ஸ்டீயரிங்கைப் பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மன்றத்தின் முன் நிற்கும்போது நடுவர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "சான்று இருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும். மகள் தந்தையிடம் கேட்டதும் அதே கேள்விதானே!

ஜோகூர் நீரிணையின் மறுகரையில் உள்ள சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறார்கள். அங்கு 2012 செப்டம்பர் 1 முதல் 'எலுமிச்சைச் சட்டம்' நடப்பில் இருக்கிறது. மீண்டும் மீண்டும் பழுதாகும் வண்டியை அமெரிக்கர்கள் 'எலுமிச்சை' என்று அழைப்பர். அங்கே கனெக்டிகட் மாநிலம் 1982 ஆம் ஆண்டிலேயே இப்பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. சிங்கப்பூரின் சட்டப்படி, பொருளைப் பெற்ற 6 மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்த குறையாகவே கருதப்படும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்பனையாளரே. இத்தகைய சட்டம் மலேசியாவுக்கும் வேண்டும் என்று பயனீட்டாளர் அமைப்புகள் குரல் கொடுத்து வருகின்றன. அக்கோரிக்கை நியாயமானதே. ஆனால், புதிய சட்டம் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தையே பலர் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை.

எழுதுவதைவிட விரைவான வழிகள் உண்டு என்று சிலர் வாதிடுவர். சமூக ஊடகத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஒரு காணொளியை வெளியிட்டால் போதும், மறுநாளே ஓடி வருவார்கள் என்பர். சில நேரங்களில் அது பலன் தருவதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது சூதாட்டம் போன்றது. சொல்லில் சிறு பிழை இருந்தாலும் அவதூறு வழக்கைச் சந்திக்க நேரிடும். முகப்பில் நின்ற ஊழியரின் முகம் ஊரெங்கும் பரவி, அவர் அவமானப்படுவார். குறை செய்தவர் அவரல்லர். எய்தவன் இருக்க அம்பை நோவதால் பயன் என்ன?

வேறு சிலர், தவணை கட்டுவதை நிறுத்திவிட்டால் வழிக்கு வருவார்கள் என்பர். இது மிகத் தவறான அறிவுரை. தவணைப் பணம் வங்கிக்குச் சேர வேண்டியது. அதை நிறுத்தினால் விற்பனை நிலையத்திற்கு ஒரு நட்டமும் இல்லை. வங்கிதான் வண்டியைப் பறிமுதல் செய்யும். இன்னும் சிலர், அருகிலுள்ள பட்டறையில் காசு கொடுத்துச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பர். விற்பனை நிலையத்திற்கு எழுத்து மூலம் வாய்ப்புக் கொடுக்கும் முன்னரே அப்படிச் செய்தால், குறைக்கான தடயம் அழிந்துவிடும். பிறர் கைவைத்த வண்டி என்று சொல்லி உத்தரவாதத்தை மறுப்பதற்கும் அது இடமளித்துவிடும்.

அப்படியானால், புகாரை எப்படி எழுத வேண்டும்? 'ஸ்டீயரிங் சரியில்லை' என்பது புகாராகாது. அதைப் படிக்கும் பொறியாளருக்கு எங்கே தேடுவதென்று தெரியாது. 'திங்கட்கிழமை மாலை 6.40க்கு, மழையில், குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வேகத்தில் வலப்புறம் திரும்பினேன். ஸ்டீயரிங் சுமார் 3 வினாடி இறுகியது. மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைந்தது. அப்போது வண்டி 11,200 கிலோமீட்டர் ஓடியிருந்தது' என்று எழுதினால், அதுவே புகார். இப்படி மூன்று குறிப்புகள் சேர்ந்தால், மூன்றிலும் பொதுவாக இருப்பது எது என்பதைத் திறமையான பொறியாளர் கண்டுகொள்வார். எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கைப்பேசியில் படம் பிடிக்கலாம். வண்டியை ஓட்டுபவர் ஒருபோதும் அதற்கு முயலக்கூடாது.

சேவை மையத்தில் வண்டியை ஒப்படைக்கும்போது, உரிமையாளரின் சொற்களையே பழுதுபார்ப்புச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வண்டியின் கணினியில் பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளைப் படித்து, அவற்றை அச்சிட்டுத் தரும்படி கேட்க வேண்டும். பொறியாளரைப் பக்கத்தில் அமர்த்தி, குறை தோன்றிய சாலையிலேயே ஓட்டிக் காட்டலாம். 'குறை எதுவும் இல்லை' என்று சொன்னால், அதையும் தேதியிட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தாளே அடுத்த முறை வலுவான சான்றாகும். மூன்றாம் முறையும் தீர்வில்லை என்றால், விற்பனை நிலையத்திற்கும் தயாரிப்பு நிறுவனத்திற்கும் கால வரம்பைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டாமல் இருப்பதே அறிவுடைமை. மாற்று வண்டி தர இயலுமா என்பதையும் அக்கடிதத்திலேயே கேட்கலாம்.

இதில் விற்பனை நிலையத்திற்கும் நன்மை உண்டு. தெளிவான குறிப்பு கையில் இருந்தால், அதன் ஊழியர்கள் நாள் முழுவதும் இருட்டில் தேட வேண்டியதில்லை. உதிரிபாகத்தை மாற்றித் தருமாறு தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்பதற்கும் அவர்களுக்கு ஆவணம் கிடைக்கும். உரிமையாளர் தாமே பெரிய சக்கரங்களைப் பொருத்தியதால் ஏற்பட்ட குறையா, உற்பத்தியிலேயே இருந்த குறையா என்பதும் விளங்கிவிடும். ஆகவே, எழுதுவதை யாரும் சண்டையாக எண்ண வேண்டியதில்லை. இரு தரப்பும் ஒரே குறையைப் பார்ப்பதற்கு அது வெளிச்சம் தருகிறது.

நம் வீடுகளில் பெற்றோர் பலர் எழுதத் தயங்குகின்றனர். மலாயிலோ ஆங்கிலத்திலோ முறையான கடிதம் எழுத வராது என்ற கூச்சமே அதற்குக் காரணம். முகப்பில் நிற்பவர் சரளமாகப் பேசும்போது, தம் குறையைப் பாதியிலேயே விழுங்கிவிட்டு வீடு திரும்புகின்றனர். இங்கேதான் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கடமை தொடங்குகிறது. புகார்க் கடிதம் எழுதுவதை அவர்கள் வகுப்பறையில் கற்கின்றனர். தேர்வில் மதிப்பெண் பெறுவதோடு அத்திறன் முடிந்துவிடக் கூடாது. தந்தை தமிழில் சொல்வதைக் கேட்டு, அதன் பொருள் சிதையாமல் மலாயில் எழுதித் தரக்கூடிய பிள்ளை, அக்குடும்பத்தின் பெரும் பலமாகும்.

அமெரிக்க அதிபர் கென்னடி 1962 மார்ச் 15 ஆம் நாள் ஆற்றிய உரையில், பயனீட்டாளருக்கு நான்கு உரிமைகள் உண்டென்றார். பாதுகாப்பு, தகவல், தெரிவு, தம் குரல் கேட்கப்படுதல் என்பன அவை. அந்நாளே இன்று உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்நான்கில் கடைசி உரிமைதான் மற்ற மூன்றையும் காப்பது. அதற்கு ஒரு குறிப்பேடும் பேனாவும் சிறிது பொறுமையும் போதும்.

பெர்மாஸ் ஜெயாக் குடும்பத்தில் அன்றிரவு அதுவே நடக்கட்டும். மகள் ஒரு குறிப்பேட்டை எடுத்து வருகிறாள். தந்தை மூன்று சம்பவங்களையும் நினைவுகூர்ந்து, தேதி வாரியாகச் சொல்கிறார். அவள் எழுதுகிறாள், அவர் கையொப்பமிடுகிறார். மறுநாள் அவர் நான்காம் முறையாகச் சேவை மையத்திற்குச் செல்கிறார். குரலை உயர்த்தாமல் அத்தாளை முகப்பில் வைக்கிறார். அதன் படி ஒன்று வீட்டில் பத்திரமாக இருக்கிறது.